கார் அடிபட்டால் கிளெய்ம் போடுவதா, கைப்பணத்தில் சரிசெய்வதா: கணக்குப் போட்டு முடிவெடுக்கும் முழு வழிகாட்டி

காரில் ஒரு நசுங்கல் விழுந்தவுடன், "இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே, கிளெய்ம் போட்டுவிடு" என்று ஒருவர் சொல்வார். "போட்டால் போனஸ் போய்விடும், கையிலிருந்தே கொடுத்துவிடு" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. உறவினர்களுக்கும் எங்கள் குடியிருப்பில் உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுக் கொடுத்ததில் நான் கண்டது, பிழை பெரும்பாலும் வரிசையில்தான் நேர்கிறது என்பதே: காரைப் பட்டறையில் விட்டு, கிளெய்மையும் பதிந்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து போன பிறகுதான் பாலிசித் தாளைத் தேடுகிறார்கள். கீழே உள்ள படிகள், இந்தியாவில் முழுக் காப்பீடு எடுத்துள்ள தனியார் கார்களுக்கு உரியவை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குத் தம் காரின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது என்பதால், அவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

1. முதலில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

பாலிசியின் அட்டவணைப் பக்கம், ஆர்.சி., விபத்தின்போது ஓட்டியவரின் ஓட்டுநர் உரிமம், ஒரு கால்குலேட்டர் ஆகியவை போதும். பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு: கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்குத் தள்ளுபடியாகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தற்போது எத்தனை சதவீதம், அது ரூபாயில் எவ்வளவு கழிக்கப்பட்டுள்ளது, ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு எவ்வளவு, கூடுதல் காப்புகள் எவை.

பலர் மொத்த பிரீமியத்தைப் பார்த்து, அதில் பாதி போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். போனஸ் தள்ளுபடி, நம் காரின் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியத்துக்கு மட்டுமே உரியது. மூன்றாம் நபர் பிரீமியத்தை அது தொடுவதில்லை. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்க வேண்டியிருப்பதால், இரண்டும் தனித்தனிப் பாலிசிகளாகக்கூட இருக்கலாம். சரியான தாளைப் பார்க்கிறோமா என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

2. தேர்வு உண்மையில் உங்கள் கையில் இருக்கிறதா?

விபத்தில் யாருக்காவது காயமோ உயிரிழப்போ நேர்ந்திருந்தால், கார் திருடு போயிருந்தால், அல்லது பிறர் உடைமைக்குக் கணிசமான சேதம் ஏற்பட்டிருந்தால், இந்தக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஓட்டுநரின் கடமை. தெருவிலேயே பணம் கொடுத்துப் பேசி முடித்தவர்களுக்கு, பல மாதங்கள் கழித்துத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வருவது உண்டு.

உரிமம் காலாவதியாகியிருந்தாலும், ஓட்டியவர் மது அருந்தியிருந்தாலும் கிளெய்ம் நிராகரிக்கப்படும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கேயும் தேர்வு கிடையாது.

இடித்தது எதிராளியின் தவறு என்பதால் நம் போனஸ் தப்பிவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். தவறு யாருடையதாக இருந்தாலும், நம் பாலிசியில் நம் காருக்குச் சேதப் பணம் வாங்கினால் போனஸ் போய்விடும். எதிராளியின் காப்பீட்டிலிருந்து பெற வேண்டுமென்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு பம்பருக்காக அந்த வழியில் இறங்குவது பலன் தராது.

3. படம் எடுங்கள்; எதையும் கழற்றாதீர்கள்

சேதத்தைக் கிட்டத்திலும், பதிவு எண் தெரியும்படி சற்றுத் தள்ளியும், இடித்த சுவரோ தூணோ தெரியும்படியும் படம் எடுங்கள். கைப்பணத்தில் செய்வதென்று ஏறக்குறைய முடிவெடுத்திருந்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம். பட்டறையில் பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே பெரிய சேதம் தெரிந்து, கிளெய்ம் போட வேண்டிய நிலை வந்தால், முதல் நிலையைக் காட்ட அந்தப் படங்கள்தான் இருக்கும்.

விபத்து நடந்தவுடன் அறிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. ஆகவே, 4 முதல் 7 வரையுள்ள படிகளை ஓரிரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மூன்று வாரம் யோசித்துவிட்டுப் போனால், தாமதத்துக்கே முதலில் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

முன்பக்கம் பலமாக அடிபட்டு, பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டரோ ஏ.சி. கண்டென்சரோ நசுங்கியிருக்கும் என்ற ஐயம் இருந்தால், வரிசையைச் சற்று மாற்றுங்கள். முதலில் கிளெய்மை அறிவித்து, சர்வேயர் முன்னிலையில் கழற்றச் செய்யுங்கள். சேதம் சிறியது என்று தெரிந்தால், பணம் எதுவும் பெறும் முன்பே கிளெய்மைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து, பணம் வழங்காமல் முடிக்கப்பட்டது என்ற உறுதியை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முடிக்கப்படாமல் நிலுவையில் நிற்கும் கிளெய்மும் புதுப்பிக்கும்போது போனஸைத் தடுக்கும் என்பதால், தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடக் கூடாது.

4. இரண்டு எஸ்டிமேட் வாங்குங்கள்

ஒன்று, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில். இன்னொன்று, டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் நன்றாகச் செய்யும் வெளிப் பட்டறையில். இரண்டிலும் பாகம், லேபர், பெயிண்ட் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்; மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் அடுத்த படியைச் செய்யவே முடியாது.

வாசலில் நுழைந்ததும் "கிளெய்மா, கேஷா?" என்று கேட்பார்கள். "இன்னும் முடிவெடுக்கவில்லை, இரண்டுக்கும் விலை சொல்லுங்கள்" என்பதே பதில். கிளெய்ம் என்றவுடன், தட்டி நிமிர்த்தினால் போதுமான பாகத்தையும் மாற்ற வேண்டும் என்று எழுதும் பழக்கம் உண்டு. கேஷ் என்றால் அதே ஃபெண்டர் டிங்கரிங்கில் முடிந்துவிடும். இந்த வேறுபாடுதான் பிறகு முடிவையே தீர்மானிக்கப் போகிறது.

5. காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு தரும் என்று கணக்கிடுங்கள்

எஸ்டிமேட் தொகை முழுவதும் கிடைக்கும் என்று எண்ணுவது புதியவர்களின் முதல் பிழை. தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பு இல்லாத பாலிசியில், மாற்றப்படும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்குக் காரின் வயது எதுவானாலும் 50 சதவீதம். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்து மாறும்: 6 மாதம் வரை இல்லை, 1 ஆண்டு வரை 5, 2 வரை 10, 3 வரை 15, 4 வரை 25, 5 வரை 35, 10 வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயிண்டிங்கில் பொருளின் விலைக்கு மட்டும் 50 சதவீதம் கழிப்பார்கள். பில்லில் பொருள் தனியாகக் காட்டப்படாவிட்டால், மொத்தப் பெயிண்டிங் கட்டணத்தில் கால் பங்கைப் பொருளாகக் கொள்வதால், கழிவு 12.5 சதவீதமாகும். லேபருக்குத் தேய்மானம் கிடையாது.

இன்றைய கார்களில் முதலில் அடிவாங்கும் பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக் கணக்கில் சேர்வதால், சிறு விபத்துகளில்தான் கழிவு அதிகமாக உறுத்தும்.

பிறகு கட்டாயக் கழிவு. பட்டறைகளில் இதை ஃபைல் சார்ஜ் என்பார்கள். 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். பிரீமியம் குறையட்டும் என்று தாமாக முன்வந்து கூடுதல் கழிவை ஏற்றுக்கொண்டு, அதை மறந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். அட்டவணையில் அந்த வரியையும் பாருங்கள். கிளிப், நட்டு, போல்ட், ஆயில் போன்றவற்றுக்குத் தனிக் காப்பு இல்லையென்றால் அவையும் நம் செலவே.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1200 சி.சி., வயது 3 ஆண்டு 8 மாதம், ஜீரோ டெப் இல்லை. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்: முன் பம்பர் 6,500, ஹெட்லைட் 8,000, ஃபெண்டர் 3,500, பெயிண்டிங் 7,000, லேபர் 4,000, சில்லறைப் பொருள்கள் 500, மொத்தம் 29,500 ரூபாய். நிறுவனம் ஏற்பது முறையே 3,250, 4,000, 2,625, 6,125, 4,000. சில்லறைக்கு எதுவும் இல்லை. கூட்டினால் 20,000, ஃபைல் சார்ஜ் போக 19,000. கிளெய்ம் போட்டும் உரிமையாளர் கையிலிருந்து 10,500 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும்.

6. போனஸ் இழப்பின் முழு விலையைக் கணக்கிடுங்கள்

அதிகமானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. கிளெய்ம் இல்லாமல் ஓராண்டு முடிந்தால் போனஸ் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50; அதற்கு மேல் ஏறாது. ஒரு கிளெய்ம் வாங்கினால் படிப்படியாக இறங்குவதில்லை, ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. மறுபடி ஏறிவர ஆண்டுகள் ஆகும். ஆகவே, அடுத்த புதுப்பித்தலில் இழக்கும் தொகையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு.

மேலே சொன்ன காரின் தற்போதைய பாலிசியில் போனஸ் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் 45, 50, 50, 50, 50 என்று கிடைக்கும். போட்டால் 0, 20, 25, 35, 45. ஒவ்வோர் ஆண்டின் வேறுபாடு 45, 30, 25, 15, 5. ஆறாவது ஆண்டில்தான் இரண்டும் சமமாகின்றன. வேறுபாடுகளைக் கூட்டினால் 120, அதாவது ஓராண்டு ஓ.டி. பிரீமியத்தை விடவும் சற்று அதிகம்.

இதே முறையில் மற்ற நிலைகளுக்கும் போட்டு வைத்திருக்கிறேன். தற்போதைய பாலிசியில் போனஸ் இல்லை என்றால் மொத்த இழப்பு 50 சதவீதம். 20 இருந்தால் 80. 25 இருந்தால் 105. 35 இருந்தால் 120. 45 அல்லது 50 இருந்தால் 125. ஐம்பது சதவீதத்தைத் தொட்டவர்கள்தாம் கிளெய்ம் போட அதிகம் அஞ்சுகிறார்கள், ஆனால் 35 சதவீதத்தில் இருப்பவரின் இழப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். புதுக் காரின் முதல் ஆண்டில் கிளெய்ம் போடத் தயங்குபவருக்கோ இழப்பு அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

சதவீதத்தை ரூபாயாக்க, போனஸ் கழிக்கப்படாத ஓ.டி. பிரீமியம் தேவை. அட்டவணையில் போனஸாகக் கழிக்கப்பட்ட தொகை 4,550 என்றும் சதவீதம் 35 என்றும் இருந்தால், 4,550-ஐ 0.35 ஆல் வகுத்தால் 13,000 வரும். ஐ.டி.வி. எனப்படும், பாலிசியில் காருக்குக் குறிக்கப்படும் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் இதுவும் குறையும். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 12,000, 11,000, 10,000, 9,000, 8,000 என்று கொண்டால், இழப்பு 5,400, 3,300, 2,500, 1,350, 400, மொத்தம் 12,950. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் 15,280 ரூபாய்.

ஓ.டி. கட்டணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்வதால், கிளெய்ம் போட்டவருக்கு அடிப்படைத் தள்ளுபடியையே குறைத்துவிடவும் கூடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: நிறுவனத்தின் தளத்தில் பிரீமியம் கேட்டுப் பார்க்கும்போது, கடந்த ஆண்டு கிளெய்ம் உண்டு என்று ஒருமுறையும் இல்லை என்று ஒருமுறையும் குறித்து, இரண்டு தொகைகளையும் ஒப்பிடுங்கள், பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள். முதல் ஆண்டின் வேறுபாடு நீங்கள் கணக்கிட்டதை விட அதிகமாக இருந்தால், அதற்கேற்ப இழப்பை உயர்த்திக்கொள்ளுங்கள்.

7. இரண்டு வழிகளின் மொத்தச் செலவை அருகருகே வையுங்கள்

காப்பீட்டில் கிடைப்பது 19,000, போனஸில் இழப்பது 15,280. ஆகவே கிளெய்ம் லாபம் என்று இந்த இடத்தில் முடிவு கட்டத் தோன்றும். என் முதல் காரில் நான் அப்படித்தான் செய்தேன்: வாகன நிறுத்தத் தூணில் உரசிய கதவுக்குக் கிளெய்ம் வாங்கினேன், அதே வேலையைத் தெருமுனைப் பட்டறை என்ன விலைக்குச் செய்யும் என்று கேட்கவே இல்லை. வருவதையும் போவதையும் ஒப்பிட்டால் போதாது. நம் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்பதை ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

கிளெய்ம் வழியில் இப்போது கொடுப்பது 10,500, பின்னர் இழப்பது 15,280, ஆக 25,780. வெளிப் பட்டறை ஃபெண்டரைத் தட்டி நிமிர்த்தி, ஹெட்லைட்டின் உடைந்த தாங்கியை மட்டும் ஒட்டிச் சரிசெய்து 20,000 கேட்கிறது என்றால், கைப்பணம்தான் மலிவு. சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும் என்று இருப்பவருக்கு 25,780-க்கு எதிரே 29,500. அவர் கிளெய்ம் போடலாம். அதே கார் ஜீரோ டெப் காப்புடன் இருந்திருந்தால், கையிலிருந்து போவது ஃபைல் சார்ஜும் சில்லறையும் சேர்த்து 1,500 மட்டுமே. இழப்போடு சேர்த்து 16,780. அப்போது கிளெய்ம்தான் மலிவு. விபத்து ஒன்றேயானாலும், பாலிசியும் பட்டறையும் மாறும்போது விடையும் மாறுகிறது.

வேறுபாடு ஓரிரு ஆயிரம் என்றால் நான் கைப்பணத்தையே சொல்வேன். ஐந்து ஆண்டுக் கணக்கு சற்று முன்பின் ஆவது இயல்பு. அந்தத் தொகைக்காக சர்வேயருக்கும் ஒப்புதலுக்கும் காத்திருப்பது சலிப்பான வேலை. இது என் விருப்பம். நேரம் உள்ளவர் வேறு விதமாக முடிவெடுக்கலாம்.

8. கணக்கையே மாற்றிவிடும் சூழல்கள்

இதே பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் வாங்கியிருந்தால், போனஸ் போனது போனதுதான். இரண்டாவது கிளெய்மால் அது மேலும் குறையாது. அப்போது ஃபைல் சார்ஜையும் தேய்மானத்தையும் மட்டும் பார்த்தால் போதும். ஜீரோ டெப் காப்பில் ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பு இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்குபவருக்குப் போனஸ் மதிப்புள்ளது. போனஸ் காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. நிறுவனத்திடம் சான்று வாங்கி மூன்று ஆண்டுகளுக்குள் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். புதுக் காரின் ஓ.டி. பிரீமியம் அதிகம் என்பதால், அவருடைய இழப்பை அந்தப் பிரீமியத்தை வைத்தே கணக்கிட வேண்டும். மாறாக, இனிக் காரே வைத்துக்கொள்வதில்லை என்றிருப்பவருக்குப் போனஸால் பயனில்லை. அவர் தயங்காமல் கிளெய்ம் போடலாம்.

போனஸ் பாதுகாப்புக் காப்பு எடுத்திருந்தால் ஆறாவது படியின் இழப்பு பெரும்பாலும் நீங்கிவிடும், ஆனால் எத்தனை கிளெய்ம் வரை, எந்த நிபந்தனையில் என்பதை வாசித்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் தனி வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நீரில் நின்ற கார்களைப் போன்ற நிலையில், சேதம் பெரிதாக இருக்கும் என்பதால் கிளெய்ம் போடுவதா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது சாவியைத் திருப்புவதைப் பற்றித்தான். நீர் புகுந்த எஞ்சினை இயக்கிப் பார்த்ததால் வரும் சேதத்தை, எஞ்சின் பாதுகாப்புக் காப்பு இல்லாத பாலிசியில் நிறுவனம் ஏற்க மறுக்கும். வண்டியை இழுவை வாகனத்தில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும்.

9. கிளெய்ம் போடுவதென்று முடிவானால்

உடனே அறிவித்து எண்ணை வாங்குங்கள். பட்டறைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கொடுக்கும் கேஷ்லெஸ் முறை வேண்டுமென்றால் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பட்டறைக்கே காரைக் கொண்டுபோங்கள். மற்ற இடங்களில் முதலில் பணம் கட்டிப் பிறகு திரும்பப் பெற வேண்டும். சர்வேயர் பார்த்து ஒப்புதல் தரும்வரை வேலையைத் தொடங்க விடாதீர்கள், ஏனெனில் அவர் பார்க்காத சேதத்துக்குப் பணம் பெறுவது கடினம்.

பழைய கீறல்களையும் இதோடு சேர்த்துவிடலாம் என்று பட்டறையில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு விபத்துக்கு ஒரு கிளெய்ம், ஒரு ஃபைல் சார்ஜ் என்பதே முறை. துருவின் நிறத்தையும் இடிபட்ட உயரத்தையும் பார்த்தே சர்வேயர் பழையதைப் பிரித்துவிடுவார். நடந்த விதத்தைப் பொய்யாக எழுதியது தெரிந்தால் உண்மையான கிளெய்மும் போய்விடும்.

புதுப்பிக்கும்போது நிறுவனத்தை மாற்றினால் பழைய கிளெய்ம் தெரியாது என்று எண்ணிப் போனஸ் கேட்பது இன்னொரு பிழை. புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும். தவறான தகவலில் பெற்ற போனஸ், அடுத்த விபத்தில் சொந்தச் சேதக் காப்பையே இழக்கச் செய்யும்.

10. கைப்பணத்தில் செய்வதென்று முடிவானால்

பெயிண்ட் பெயர்ந்து தகரம் வெளியே தெரிந்தால் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். கடலோர ஊர்களில் துரு விரைவாகப் பிடிக்கும், இன்று டிங்கரிங்கில் முடிவது நாளை பாகத்தையே மாற்றும் வேலையாகிவிடும். பிளாஸ்டிக் பம்பரில் உள்ள கீறலுக்கு அந்த அவசரம் இல்லை.

சரிசெய்த பின்னும் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். அதே இடத்தில் மீண்டும் அடிபட்டுக் கிளெய்ம் போட நேர்ந்தால், முந்தைய சேதம் சரிசெய்யப்பட்டுவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

இறுதியாக, பாலிசி முடியும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலாவதியான நாளிலிருந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், கிளெய்மே போடாதவரின் போனஸும் முழுவதுமாகப் போய்விடும். இருபதாயிரம் ரூபாயைக் கையிலிருந்து கொடுத்துப் போனஸைக் காப்பாற்றியவர், வெளியூர் வேலையில் புதுப்பிக்க மறந்து அதை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். முடிவு நாளுக்கு ஒரு மாதம் முன்பே மணியடிக்கும்படி தொலைபேசியில் ஒரு நினைவூட்டலை வைத்துவிட்டே பட்டறையிலிருந்து காரை எடுங்கள்.